எத்தனையாவது மாடி?

ஏப்ரல் 16

என் அம்மாவை மூன்று வருடமாக எட்டாவது மாடியில் சிறை வைத்திருப்பவன் அபூ ஹைஸம்.

நடந்தது இதுதான். அரசாங்கக் கரண்ட் பெயருக்குத்தான்; தெருவுக்கே ஆம்பியர் கணக்கில் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர் அவனுடையது. டீசல் விலை ஏறிய வாரம் கட்டிடத்து லிஃப்டின் இணைப்பைத் துண்டித்தான். பிறகு மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையில் தன் பேட்டரிகளை அடுக்கிப் பூட்டுப் போட்டுக்கொண்டான். சாவி கேட்டால், "கரண்டே இல்லாத லிஃப்டுக்குச் சாவி எதுக்கு மேஸ்திரி?" என்பான். கத்தினால் கரண்டை நிறுத்திவிடுவான், எட்டு மாடியும் இருட்டு. அம்மாவின் முழங்கால்களுக்குப் படிக்கட்டு ஆகாது. அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று.

நான் லிஃப்ட் மெக்கானிக். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. லெபனானில், அதுவும் இந்தத் திரிபோலியில், லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வது மொட்டையனிடம் சீப்பு விற்பது மாதிரி.

ஆனால் இன்று கனடாவிலிருந்து பதில் வந்துவிட்டது. சரியாம்! எனக்கும் என் மனைவி லமீஸுக்கும் குடியேற்றம். அம்மாவுக்கு வருகை விசா, பிறகு நீட்டித்துக்கொள்ளலாம். லமீஸ் கையில் கரண்டியோடு சமையலறையில் ஆடினாள். பருப்பு பொங்கி அடுப்பை அணைத்தது. அம்மா பால்கனியில் குனிந்து ஆறாவது மாடி ஸுஹைலா அத்தையைக் கூப்பிட்டாள்: "ஸுஹைலா! நாங்க போறோம்!"

கீழேயிருந்து சத்தம் வந்தது: "எங்க?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கடா?"

நல்ல கேள்வி.

ஏப்ரல் 17

இரண்டு ஊர்கள். எட்மன்டனில் ஒரு லிஃப்ட் கம்பெனி என்னை எடுத்துக்கொள்கிறது. மொன்றியலில் லமீஸின் நுஹா சித்தி இருக்கிறாள். வேலையா சித்தியா?

லமீஸ்: "எட்மன்டன்ல குளிர் மைனஸ் முப்பத்தஞ்சு."

நான்: "மொன்றியல்ல உன் சித்தி."

இன்று சாப்பாடு நானே போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 21

பாஸ்போர்ட்கூட இல்லாதவன் எல்லாம் கனடாவைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான். கீழே கசாப்புக் கடை ஃபாயெஸ் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னான்: "எட்மன்டனுக்கே போ மேஸ்திரி. ஆட்டை உரிச்சு வாசல்ல தொங்கவிட்டா வசந்தகாலம் வரைக்கும் கெடாது. ஃப்ரிட்ஜே வேணாம். அபூ ஹைஸமும் வேணாம்."

முடிதிருத்தும் கடையில் ஒருவர் சொன்னார், மொன்றியலில் நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேர், வாசலில் தும்மினால் பத்து பேர் 'அல்லாஹ் ரஹம் செய்யட்டும்' என்பார்களாம். அதற்குத்தானே பயப்படுகிறேன்! என் தும்மலை எண்ணுகிறவர்கள் இங்கேயே போதுமே. அவர்கள் மத்தியிலேயே இருக்க விமானம் எதற்கு?

ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. எட்டு மாடியும் படி ஏறி வந்தேன், மூச்சு வாங்கவில்லை. பாதிவரை இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தேன். பைத்தியம்.

ஏப்ரல் 28

நுஹா சித்தி வீடியோவில் வந்தாள். வீடு பார்த்துவிட்டாளாம். இரண்டாவது மாடி, மலிவான வாடகை, கீழேயே நம் ஊர் ரொட்டிக் கடை, எதிரில் பள்ளிவாசல். அம்மா கண் கலங்கிவிட்டாள். லமீஸ் என் கையை நசுக்கினாள். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்வானேன்? "முடிச்சிடுங்க சித்தி" என்றே சொல்லிவிட்டேன்.

"ஓனரும் நம்ம தெருதான்!" என்றாள் சித்தி. "தங்கமான மனுஷன். ஜெனரேட்டர் அபூ ஹைஸமோட தம்பி. அண்ணன்காரன் அனுப்பின பணத்துல போன வருஷம்தான் கட்டிடத்தையே வாங்கினாங்க. லிஃப்ட்கூட இருக்கு!"

லிஃப்ட்கூட இருக்கு.

கத்திவிட்டேன்: எங்க லிஃப்டை நிறுத்தி அங்க லிஃப்ட் வெச்சிருக்கான். எங்க இருட்டை வித்து அங்க கட்டிடம். அதுக்கு நான் வாடகை கொடுக்கணும், இல்ல? மாசாமாசம், கை நீட்டி, "ரொம்ப நன்றிங்க"ன்னு சொல்லி?

போனை நான் எறியவில்லை. அது தானாக விழுந்தது.

மே 1

மொன்றியல் முடிந்தது. எட்மன்டன்தான். லமீஸ் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இன்று பேசினாள்: "அந்த ஆள் அங்கயும் நமக்கு வீட்டுக்காரனா வரணுமான்னு யோசிச்சேன். நீ சொல்றது சரி. ஆனா கத்தினது தப்பு." பிறகு, "கம்பளி ஜட்டி எங்க விக்கும்?"

இவளைக் கல்யாணம் செய்துகொண்டது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மே 12

எட்மன்டனில் வீடு தேடுகிறோம். லமீஸ் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். அவள் பேசுவாள், நான் பக்கத்திலிருந்து கேள்வி எடுத்துக் கொடுப்பேன். இன்று ஒரு வீட்டுக்காரர். தரைத் தளம், இரண்டு அறை. குரல் நல்ல குரல்.

"வீட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு கேளு" என்றேன். கேட்டாள்.

"தினம் எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் கரண்ட்?" கேட்டாள். 

"பேட்டரி வெச்சுக்க இடம் இருக்கா? வாசல்ல சின்ன ஜெனரேட்டர் வெச்சா ஆட்சேபணை இல்லையே?"

லமீஸ் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "வீட்டுக்குள்ள என்ன பயிர் பண்ணப் போறீங்கன்னு கேக்கறார்."

பயிரா? அன்பான மனிதர் என்று நினைத்தேன். "அம்மாவுக்குச் செடின்னா உசிருன்னு சொல்லு. அளவாத்தான் வளர்ப்பாங்க. வாசனை அடுத்த வீடு வரைக்கும் போகும். அவருக்கும் ஒரு கட்டு கொடுப்போம்."

நான் சொன்னது புதினாவை. அந்தச் சொல்லை நானும் சொல்லவில்லை, லமீஸும் சொல்லவில்லை.

போன் துண்டிக்கப்பட்டது.

மே 13

லமீஸ் விசாரித்துவிட்டாள். அங்கே வீட்டுக்குள் விளக்குப் போட்டுக் கஞ்சா வளர்ப்பவன்தான் இத்தனை ஆம்பியர் கேட்பானாம். எங்கள் நாட்டில் அதற்கு வெயிலே போதும்.

அம்மா விடாமல் கேட்டாள்: "எதுக்குடா போனை வெச்சான்?" சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. பால்கனிக்குப் போய் ஆறாவது மாடிக்கு ஒளிபரப்பினாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஃபாயெஸ் என்னைப் பார்த்து, "வியாபாரம் எப்படி போகுது?" என்கிறான்.

மே 25

கடைசியில் நிற்பவை இரண்டு வீடுகள். ஒன்று தரைத் தளம். இன்னொன்று பதினான்காவது மாடி: பால்கனி, ஆறு தெரிகிறது, மரங்கள், எல்லையில்லாத வானம். வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டைக் காட்டும் டார்லீன் என்ற அம்மாள், கேட்டதற்கெல்லாம் சிரிக்கிறாள். "கரண்ட் எப்ப போகும்?" என்றதற்கு, "எங்க போகும்?" என்றாளாம்.

நான் தரைத் தளம் என்றேன். லமீஸ் பதினான்கு என்றாள்.

"லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டை நம்பமாட்டேங்கிறான்! தான் சமைச்சதைத் தானே தொடாத சமையல்காரனைப் பார்த்திருக்கியா? என் வீட்டுலயே இருக்கான்."

"லிஃப்டை நம்பறேன். கரண்டைத்தான் நம்பல."

"அது கனடா, கல்தூன்!"

"போன வருஷம் பூகம்பத்தன்னிக்கு ஊரே தெருவுக்கு ஓடிச்சு. நாம மூணு பேரும் இங்க மேஜைக்கடியில. மறந்துட்டியா? அம்மா 'நீங்க ஓடுங்க, நீங்க ஓடுங்க'ன்னா. ஓடினோமா? எப்படி ஓடுவோம்? இனிமே என் அம்மா தரையில இருப்பா. கதவைத் திறந்தா மண்ணு. அவ்வளவுதான், பேச்சே கிடையாது."

லமீஸ் இரண்டு வீட்டுப் படங்களையும் எடுத்து வைத்தாள். அவளுக்கும் அந்த மேஜை ஞாபகம் இருக்கிறது.

மே 26

அம்மாவிடம் இரண்டு படங்களையும் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குப் பக்கத்துல?"

"நூத்தி ரெண்டாவது தெரு, நூத்தி நாலாவது சாலை."

"தெருவுக்குப் பேர் வைக்கக்கூட ஆள் இல்லாத ஊரா? சரி. தரையில இருக்கறதுல ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

"கார் நிறுத்தற இடம்."

"கார் சக்கரம்னு சொல்லு. மூணு வருஷமா உசரத்துலேர்ந்து கடலைப் பார்த்திருக்கேன். இப்ப சக்கரத்தைப் பார்க்கவா கடல் தாண்டணும்? உயரம் என்னை என்னடா பண்ணிச்சு? நான் கோபப்பட்டது உயரத்து மேலயா? பூட்டினவன் மேல." படத்தைத் தட்டினாள். "இங்க லிஃப்ட் ஓடுமா?"

"ஓடும்மா. நாலு லிஃப்ட்."

"படிக்கட்டு இருக்கா?"

"இருக்கும்."

"அதைப் பூட்டச் சொல்லு."

பதினான்கு. லமீஸ் அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், தோற்றவன் என்று எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

ஜூன் 9

ஜூலை 10ஆம் தேதிக்கு டிக்கெட். பதினான்காவது மாடிக்கு எப்படி ஏறுவது என்று முடிவாகிவிட்டது. எட்டாவது மாடியிலிருந்து எப்படி இறங்குவது? இதை ஒருவரும் யோசிக்கவில்லையே!

ஃபாயெஸ் நாற்காலியில் வைத்துத் தூக்கலாம் என்றான். அம்மா: "தூக்கிட்டுப் போக நான் மணப்பெண்ணும் இல்ல, பிணமும் இல்ல. நடந்து வந்த வீட்டுலேர்ந்து நேரா நின்னுதான் வெளிய போவேன். இல்லைன்னா நீங்க போயிட்டு வாங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியில் வைத்த துணிகளை வெளியே எடுத்து அடுக்கிவிட்டாள்.

அபூ ஹைஸமிடம் போனேன். ஒரே ஒரு மணி நேரம் லிஃப்டுக்குக் கரண்ட். சிரித்தான். "உனக்கு ஒரு மணி கொடுத்தா நாளைக்குத் தெருவே கேக்கும்." சாவியாவது? "உள்ள என் சரக்கு இருக்கு மேஸ்திரி. மொன்றியல் வீட்டை ஏன் வேணாம்னுட்டே? தம்பி ரொம்ப வருத்தப்பட்டான்."

ஜூன் 20

எனக்கு லிஃப்ட் தெரியும். அவனுக்குத் தெரியாது! இது எப்படி இத்தனை நாள் —

எழுதிப் பார்க்கிறேன். லிஃப்ட் பெட்டிக்கு எதிரே ஒரு எதிர்ப்பாரம் தொங்குகிறது. பாதி ஆட்கள் ஏறிய பெட்டியின் எடை அதற்கு. கரண்ட் இல்லாதபோது பெட்டியைப் பிடித்துவைத்திருப்பது பிரேக் மட்டும். மோட்டார் அறையில் நின்று பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், எது கனமோ அது கீழே போகும். பெட்டியில் நிறைய ஆள் இருந்தால் பெட்டி இறங்கும். ஒல்லியான ஒரே ஆள் இருந்தால் பெட்டி ஏறும். சொட்டு டீசல் வேண்டாம், அரை ஆம்பியர் வேண்டாம்.

வேண்டியது: கனமான ஆட்கள். அது எங்கள் தெருவில் ஏராளம்.

நடுவில் நிற்பது ஒரு பூட்டு.

ஜூலை 3

கட்டிடத்துக்காரர்கள் படிக்கட்டில் கூடினார்கள், ஆளுக்கு ஒரு மாடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு. பூட்டை உடைத்தால் எல்லோருக்கும் கரண்ட் போகும் என்று பச்சையாகச் சொன்னேன். நான் போய்விடுவேன், அனுபவிப்பது நீங்கள்.

 ஆறாவது மாடியிலிருந்து ஸுஹைலா அத்தை குரல்: "இப்ப என்ன, வெளிச்சத்துல நாட்டியமா ஆடிக்கிட்டிருக்கோம்? உடைடா. ஆனா என்னையும் ஒரு தடவை இறக்கு." அத்தைக்கு இடுப்பெலும்பு சரியில்லை. அவரும் மூன்று வருடமாகக் கூடைக் கயிற்றில்தான் காய்கறி வாங்குகிறார்.

எட்டு மாடியும் கைதட்டியது. எனக்கு — சரி, தூசி விழுந்தது கண்ணில்.

ஜூலை 10

விமானத்தில் எழுதுகிறேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

காலையில் பூட்டை அறுத்தேன். என்னோடு வேலை பார்த்த மாரூஃப் உதவிக்கு வந்தான். மூன்று நாளாக, லிஃப்ட் ஏறி இறங்கும் குழியான ஷாஃப்ட் வழியாகத் திருட்டுத்தனமாக ஏறித் தண்டவாளத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டிருந்தோம். இன்று பிரேக்கைக் கழற்றித் துடைத்து, வெறும் பெட்டியோடு நாலு தடவை சோதித்த பிறகுதான் ஆள் ஏற்றினேன். பெட்டி எந்த மாடியில் என்று மேலிருந்தே தெரிய, கம்பிவடத்தில் மாடிக்கு ஒரு மஞ்சள் அடையாளம், இருபது வருடம் முன்பு யாரோ பூசியது, அழியாமல் இருந்தது. அந்த ஆளுக்குப் புண்ணியம்.

எட்டாவது மாடி: அம்மா, கறுப்புக் கோட்டில், கைப்பையோடு, நேராக. பயணப் பெட்டிகள். கூட ஃபாயெஸ். தளர்த்தினேன் — அசையவில்லை.

படிக்கட்டு வழியாகக் கத்தினேன்: "பத்தலை! இன்னும் ஒரு கனமான ஆள்!"

அடுத்து நடந்தது இந்த நாட்டில் நான் கண்ட ஒரே நியாயமான தேர்தல். ஐந்தாவது மாடிக்காரர் தான் அவ்வளவு கனமில்லை என்றார், அவர் மனைவி "பொய்!" என்று அவரைப் படியேற்றி அனுப்பினாள். அவர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

தளர்த்தினேன். பெரிய சக்கரம் முனகியது. கம்பிவடம் நகர்ந்தது! ஏழு. ஆறு. நிறுத்தினோம், ஸுஹைலா அத்தை உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு ஏறினார். ஐந்து, நான்கு. ஷாஃப்ட் வழியாகப் பாட்டுச் சத்தம் மேலே வருகிறது, கல்யாண ஊர்வலம் மாதிரி பெண்கள் குலவையிடுகிறார்கள், ஃபாயெஸ், "யாரும் இறங்காதீங்க, நான் மட்டும் பத்தாது!" என்று அலறுகிறான்.

தரை. அம்மா நடந்து வெளியே போனாள். நேராக.

இதை நான் பார்க்கவில்லை, மேலே பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லமீஸ் சொன்னாள்: அம்மா தெருவில் நின்று, காலால் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாளாம். ஸுஹைலா அத்தை நேரே காய்கறிக்காரனிடம் போனாராம். "மூணு வருஷமா மேல நல்ல தக்காளி, அடியில அழுகினது. கூடையில வர்ற பொம்பளைக்கு முகம் இல்லைன்னு நெனச்சியா? இந்தா முகம். நல்லாப் பாரு." அரை மணி நேரம் திட்டினாராம். கூட்டம் கூடிவிட்டதாம்.

பிறகு அத்தை தனியாக லிஃப்டில் ஏறினார். ஒல்லி. பிரேக்கைத் தளர்த்தியதும் பெட்டி இறகு மாதிரி மேலே வந்தது. ஆறாவது மாடி அடையாளத்தில் நிறுத்தினேன். கதவு திறந்து அவர் கத்தியது மொட்டைமாடிவரை கேட்டது: "வெள்ளிக்கிழமைதோறும்டா!"

மாரூஃப் என்னைப் பார்த்தான். "வந்து செய்யறேன். நீ போ" என்றான்.

நாங்கள் டாக்ஸியில் ஏறும்போது தெரு முழுக்கக் கரண்ட் இருந்தது, எங்கள் கட்டிடம் தவிர.

ஜூலை 12

எட்மன்டன். பதினான்காவது மாடி. வானம் போதாது என்று இரவு பத்து மணிக்கும் சூரியன் வேறு.

அம்மா லிஃப்ட் முன்னால் நின்று கைப்பிடியைத் தேடினாள். கதவு தானாகத் திறந்தது. "யார் திறந்தது?" உள்ளே போனதும் எங்களைப் பார்த்தாள்: "நாம மூணு பேர்தான். கனம் பத்துமா?"

ஜூலை 13

கரண்ட் போகவில்லை.

ஜூலை 14

போகவில்லை. அம்மா சந்தேகப்படுகிறாள்.

ஜூலை 29

வேலை நன்றாக இருக்கிறது. என் முதல் புகார்: ஒரு வயதான சீக்கியர் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் பதினோரு நிமிடம் நின்றுவிட்டதாம். பதினோரு நிமிடத்துக்கு மூன்று பேர் மன்னிப்புக் கடிதம் எழுதினோம். எனக்குக் கோபமா சிரிப்பா என்றே தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு எத்தனை கடிதம் வரவேண்டும் எங்களுக்கு?

எங்கள் கட்டிடத்தில் அம்மா பிரபலம். காலையில் ஏலக்காய்க் காப்பியோடு லிஃப்டில் ஏறுகிறாள், மேலும் கீழும் போகிறாள், ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்னக் கோப்பை. ஒரு சொல் ஆங்கிலம் கிடையாது. கட்டிட நிர்வாகம் பார்க்கும் டார்லீன் கூப்பிட்டு எச்சரிக்கப்போகிறாள் என்று பயந்தோம். அவள் கேட்டது, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று.

பால்கனியில் புதினா. லமீஸ் அதன் படத்தை அந்த முதல் வீட்டுக்காரருக்கு அனுப்பவேண்டும் என்கிறாள்.

ஆகஸ்ட் 30

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் ஸுஹைலா அத்தை வீடியோவில் வந்தார். அம்மா அவரைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பால்கனி, ஆறு, புதினா.

"நீ இறங்கினியா இன்னிக்கு?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை போனைத் திருப்பினார். அவருடைய பால்கனி, கயிறு, கூடை. கூடையில் தக்காளி. "இப்ப எல்லாமே நல்ல தக்காளி. காய்கறிக்காரனுக்குப் பயம் இருக்கு" என்று சிரித்தார். பிறகு சொன்னார். நாங்கள் கிளம்பிய மறுநாளே மோட்டார் அறைக்கு இரும்புக் கதவு, இரண்டு பூட்டு. மாரூஃப் எட்டு வெள்ளிக்கிழமை வந்து மொட்டைமாடிவரை ஏறித் திரும்பிப் போயிருக்கிறான். ஃபாயெஸும் ஐந்தாவது மாடிக்காரரும் எட்டு தடவையும் லிஃப்ட் வாசலில் வந்து நின்றார்களாம், தங்கள் கனத்தோடு.

"விடு, எனக்கென்ன" என்றார் அத்தை. "ஒரு தடவை இறங்கினேன் இல்ல?"

அம்மா அதற்குப் பிறகு காப்பி எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போகவில்லை. ஒன்பதாவது மாடிக்காரி வந்து கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனாள்.

நான் அபூ ஹைஸமுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். கத்தவில்லை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"அபூ ஹைஸம், நான் கல்தூன். கரண்ட் கேக்கல. டீசல் கேக்கல. உங்க சரக்கை யாரும் தொடமாட்டாங்க. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம். பூட்டை மட்டும் திறங்க. இறக்க ஆள் இருக்கு. ஏத்த ஆளே வேணாம், அத்தை அவ்வளவு ஒல்லி. திறங்க."

இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. கேட்டுவிட்டான்.

ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது. போன் மேஜைமேல் கிடக்கிறது.